ஒற்றைத் தூணின் நிழல்

பாளையங்கோட்டைக் காலைநடைக் கழகத்திலிருந்து கிரேக்க தேசத்துக்குக் கோயில் பார்க்கப் போன பதினெட்டுப் பேரும் ஒரு குறையுமில்லாமல் பதினெட்டுப் பேராகவே திரும்பி வந்தார்கள்; கூடவே ஒரு தூணின் நிழலும் வந்தது. தூண் வரவில்லை. அது கடலைப் பார்த்த ஒரு குன்றின் மேல், ஆயிரக்கணக்கான வருஷமாக நின்ற இடத்திலேயே, தனக்கென்று ஒரு சாண் நிழல்கூட இல்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. யாரால் வந்தது இது என்று கழகத்தில் கேட்டால் ஆவுடையம்மாளைக் காட்டுவார்கள், ஏனென்றால் நிழல் அவள் பின்னால்தான் வந்தது. அவள் புருஷன் அம்பலவாணனைக் கேட்டால் மட்டும் என்னால்தான் என்பார். இப்போது கேட்டால் அப்படிச் சொல்வார். அப்போது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பார்.

அம்பலவாணன் தாலுகா ஆபீஸில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். வயலும் வரப்பும் ஓடையும் புறம்போக்கும் முப்பத்தாறு வருஷம் நடந்து நடந்து, அவர் ஓர் எட்டு எடுத்து வைத்தால் இரண்டரை அடி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளலாம். அளவுச் சங்கிலி கிடைக்காத நாளில் காலாலேயே அளந்து வரைபடம் போட்டவர், அந்த வரைபடத்தை எவனும் இதுவரை தப்பென்று சொன்னதில்லை. அப்படி நடந்து பழகிய மனுஷனுக்கு மெதுவாக நடப்பது என்பது ஒரு நோய் மாதிரிதான் பட்டது. கல்யாணமாகி ஊருக்கு அழைத்து வந்த அன்றைக்கே புதுப்பெண்ணை விட்டுப் பத்தடி முன்னால் போனார். அந்தப் பத்தடி பிறகு குறையவே இல்லை. கடைத்தெருவில் பத்தடி, திருச்செந்தூர்க் கடற்கரையில் பத்தடி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பத்தடி. சொல்ல வேண்டியதை முன்னால் பார்த்துக்கொண்டே சொல்லுவார், ஆவுடை பின்னாலிருந்து பதில் சொல்லுவாள், சில நேரம் சொல்ல மாட்டாள். திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் அவளை அடித்தவரில்லை, வைதவரில்லை, வேண்டியதை வாங்கிக் கொடுத்தவர். திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் குன்றுக் கோயில் அவர்கள் பயணத் திட்டத்திலேயே இல்லை. ஏதென்ஸில் இறங்கி, மலை மேலிருக்கும் பெரிய கோயிலை மற்ற உலகத்தோடு சேர்ந்து இடிபட்டுப் பார்த்து, மறுநாள் எபிடாரஸுக்குப் போகும் வழியில், வழிகாட்டிப் பெண் ஸ்தமாதியா பஸ்ஸை நிறுத்தி இங்கே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, தூண் ஒன்றுதான் மிச்சம், கூட்டமே இருக்காது, பத்து நிமிஷம் என்று சொன்னாள். ஆனி மாத வெயில் நம்மூர் வெயிலைத் தூக்கிச் சாப்பிடுகிற வெயிலாக இருந்தது. பதினெட்டுப் பேரும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பொசுங்கும் பாறையில் கால் வைத்து, மறுபடி ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டார்கள். அம்பலவாணன் கோயில் தரையை நீளம் நாற்பத்திரண்டு எட்டு, அகலம் பதினெட்டு எட்டு என்று அளந்து முடித்துவிட்டார். மூட்டுவலிக்காரியான ஆவுடை தூணின் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு வயசான காவல்காரர் மடியில் துணியை விரித்து ரொட்டியும் ஆலிவ் காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு அவள் எழுந்து, இடிந்து கிடந்த கல்லையெல்லாம் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்து, கிளம்புகிற நேரத்தில் வடக்குப் பக்கம் பார்த்து நின்றாள்.

சிவன் கோயிலை விட்டு வெளியே வருமுன் வடபக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சண்டிகேசுவரர் முன்னால் நின்று மெல்லக் கை தட்டி, உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்ட வேண்டும். சாமி சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை, வந்த மாதிரியே போகிறேன் என்று அர்த்தம். ஆவுடை கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் கையைப் பிடித்துத் தட்டவைத்துப் பழக்கியிருந்தார்கள். இங்கே சண்டிகேசுவரரும் இல்லை, சாமியும் இல்லை, கூரையே இல்லை. ஆனாலும் கை தானாக எழும்பிவிட்டது.

"அத்தான், இங்கயும் கை தட்டணுமா?" என்று கேட்டாள். அம்பலவாணன் அவளுடைய தாய்மாமன் மகன்.

அவர் பஸ்ஸைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார். "இது என்ன சிவன் கோயிலாளா? பாக்கவன் சிரிப்பான். வா, வா," என்றார் திரும்பாமலே.

ஆவுடை கையைக் கீழே போட்டுக்கொண்டு வந்தாள். நிழலும் வந்தது.

பஸ் புறப்பட்டு ஒரு மைல் போன பிறகுதான் அதைக் கவனித்தார்கள். வலப்பக்கச் சன்னலோரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று குளுமையாக இருக்கவே, குனிந்து பார்த்தால், ஆவுடையின் இருக்கையிலிருந்து பின்கதவு வரைக்கும், கோடு கோடாக விளிம்பு வெட்டின தூண் நிழல் ஒன்று சாய்ந்து கிடந்தது. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற எஸ்தர் ஞானமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நிழல்தான் என்று உறுதி சொல்லி, முன்னால் இன்னும் வெயிலில் இருந்தவர்களைப் பின்னால் நிழலுக்கு மாறி உட்காரச் சொன்னார். கழகம் கூட்டிவந்திருந்த சமையல்காரர் குத்தாலம், மதியத்துக்குக் கட்டிவந்த புளியோதரைச் சட்டியைக் கெடாமல் இருக்கட்டும் என்று நிழலில் நகர்த்தி வைத்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கூடுதல் பயணி ஏறக் கூடாது என்றுதான் விதி, நிழலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று ஸ்தமாதியாவிடம் சொல்லிவிட்டு ஓட்டினார்.

ஸ்தமாதியா அன்று சாயங்காலமே குன்றுக் காவல்காரரோடு போனில் பேசினாள். அவர் பெயர் பனாயோத்திஸ். ஆமாம், மத்தியானத்திலிருந்து தூண் மொட்டையாகத்தான் நிற்கிறது என்றாராம் அவர். இருபத்தாறு வருஷமாக அந்த நிழலில்தான் சாப்பிடுகிறேன், குன்றில் வேறு மரம் மட்டை கிடையாது, ஆனால் அவசரமில்லை, வீட்டில் ஒரு பழைய குடை இருக்கிறது, முடிகிறபோது கொண்டுவந்து விடச் சொல்லுங்கள் என்றாராம். இதை எஸ்தர் டாக்டர் தமிழில் சொன்னபோது ஆவுடையின் முகம் சுண்டிப்போயிற்று. அம்பலவாணனுக்கு அதில் அவசரமில்லை என்ற ஒரு சொல்தான் காதில் தங்கிற்று.

அதன்பின் கழகத்தார் நிழலோடேயே ஊர் பார்த்தார்கள். எபிடாரஸில், கல்படிகள் வட்டமாக ஏறும் பழைய அரங்கின் நடுவில் நின்று ஸ்தமாதியா கை தட்டி, உச்சிப்படி வரைக்கும் சத்தம் எப்படிப் போகிறது பாருங்கள் என்றாள். எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள், ஆவுடை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு மூன்று தரம் தட்டினாள், நிழல் அசையவில்லை. எடுத்த இடத்தில்தான் காட்ட வேண்டும் போல என்று எஸ்தர் டாக்டர் சொன்னார். ஒலிம்பியாவில், குழிந்த கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பந்தயத்துக்குத் தீ ஏற்றுகிற இடம் இதுதான் என்று காட்டியபோது, தன் நிழல் விழுந்து தீ பிடிக்காமல் போய்விடக் கூடாதே என்று ஆவுடை பதறி நாலடி தள்ளி நின்றாள். தள்ளி நின்ற இடத்தில் வேறு நாட்டுக் கூட்டமொன்று நன்றி சொல்லிக்கொண்டு அவள் நிழலில் வந்து நின்றது, அவர்களுக்குக் குத்தாலம் சீடை கொடுத்தார்.

நிழலின் அகலத்தை அம்பலவாணன் முதல் நாளே அளந்துவிட்டார். நாலடி, இரண்டு பேர் தோளோடு தோள் உரச நடக்கலாம். டெல்பியில்தான் அது நடந்தது. குறி கேட்க ராஜாக்கள் வரிசையாக ஏறிப்போன அந்த மலைப்பாதையில் வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. வழக்கம்போல் முன்னால் பாய்ந்த அம்பலவாணனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரவே, ஒரு கல்லைப் பிடித்து நின்றார். ஆவுடை தன் போக்கில் ஏறி அவரிடம் வந்து சேர்ந்தபோது அவர்மேல் நிழல் விழுந்தது. வெளியே அடி வைக்கப் பயந்து அவர் அதற்குள்ளேயே நடந்தார். நிழல் அவள் நடைக்குத்தான் வந்ததே தவிர அவர் நடைக்கு வரவில்லை.

பதினைந்து நிமிஷப் பாதைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் அவர், மதிலில் எறும்பு எறும்பாக வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தார், கல்லிடுக்கில் பூத்த மஞ்சள் பூவைப் பார்த்தார், ஆவுடையின் கன்னத்தில் காதோரமாக ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தார், அது புதுசா என்று கேட்டார். பிறந்ததிலிருந்து இருக்கு என்றாள். அவர் ஏதோ சொல்ல, அவள் பதில் பேசாமல் நடந்தாள். அவர் மறுபடி சொல்ல, அவள் நின்று, அவரை வலப்பக்கம் வரச் சொன்னாள்.

"இந்தக் காது கேக்காது அத்தான். பதினோரு வருசமாச்சு."

"எங்கிட்ட ஏம்ளா சொல்லல?"

"சொன்னேன். நீங்க முன்னால போயிக்கிட்டிருந்திய."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். அம்பலவாணன் அவளுடைய வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் என்று மனசுக்குள் அளந்து பார்த்தார், எத்தனை மைல் என்று அளக்கத் தைரியம் வரவில்லை.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏதென்ஸில் அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். குன்றுக் கோயில் இரண்டு மணி நேர வழிதான். ஸ்தமாதியா தன் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்றாள். ஆவுடை காலையிலேயே குளித்துக் கிளம்பி உட்கார்ந்திருந்தாள். அம்பலவாணன், நாடாளுமன்றத்துக்கு முன்னால் பேர் தெரியாத போர்வீரன் நினைவிடத்தில் காவல் மாறும் சடங்கு ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம், அதை விட்டால் பிறகு பார்க்க முடியாது என்றார். அவருக்கு அந்தச் சடங்கின் மேல் ஒரு ஆசையும் இல்லை. நிழலைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் தன் கால் மறுபடி தன் வேகத்துக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தன்னைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்கு நம்பிக்கையில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஆவுடை என்ன சொல்லியிருப்பாளோ, சொல்லத்தான் இல்லையே.

குஞ்சம் வைத்த செருப்பும் கொசுவம் வைத்த வெள்ளைப் பாவாடையுமாக அந்தக் காவல் வீரர்கள், ஒரு காலைத் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, யோசித்து, மெல்ல மெல்ல இறக்கி, அடுத்த காலைத் தூக்கினார்கள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. ஆவுடை தன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், "மெள்ள நடக்கதுக்கு இங்க வேலையே போட்டுக் குடுக்காவ போலுக்கு, அத்தான்," என்றாள். எஸ்தர் டாக்டர் சிரித்தார். அம்பலவாணனும் சிரித்தார், ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் முள்ளாகத் தைத்து அங்கேயே இருந்துவிட்டது.

சென்னை விமான நிலையத்தில், அறிவிக்க வேண்டிய பழம்பொருள் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு ஆவுடை உண்டு என்று சொல்லி நிழலைக் காட்டினாள். அதிகாரி அதைத் தராசில் ஏற்ற வழியில்லாமல், இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வெளியே வெயில் கடுமை, கொண்டுபோங்கள் அம்மா என்று அனுப்பிவிட்டார்.

பாளையங்கோட்டையில் அவர்கள் தெரு மூன்று நாள் அதைப் பார்த்தது, நாலாம் நாள் பழகிக்கொண்டது. துணி தேய்க்கிறவர் தன் வண்டியை ஆவுடை வீட்டு வாசலுக்கு மாற்றிக்கொண்டார். பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும் பெண்கள் தூண் நிழலில் வரிசை பிடித்து நின்றார்கள். தெருவில் எந்த வீட்டில் விசேஷமென்றாலும் ஆவுடைக்கு முதல் அழைப்பு வந்தது, வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து, சீக்கிரமே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அவள் வந்து உட்கார்ந்தால் பந்தலில் ஒரு பத்திக் கீற்றுச் செலவு மிச்சம். மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயவைக்க மட்டும் அவள் ஏற முடியவில்லை; அவள் போனால் வெயில் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரிகளே ஏறிப் பரப்பிக் கொடுத்தார்கள். நிழல் நம்மூர்ச் சூரியனுக்குக் கட்டுப்படவில்லை. அங்கே பொழுது இங்கத்தைவிடப் பிந்தி என்பதால், நம்மூரில் விளக்கு வைத்த பிறகும் அது குழல்விளக்கு வெளிச்சத்தில் கூடத்தில் சாவகாசமாக நீண்டு கிடக்கும். ஐப்பசியில் ஒருநாள் அது இருந்தும் இல்லாமல் மங்கியபோது, அங்க மழை போல என்று துணி தேய்க்கிறவர் சொன்னார்.

சாமி சொத்து ஊருக்குள் இருக்கிறதே, ஒன்றும் ஆகாதா என்று சிலருக்குப் பயம் இருந்தது. கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் நிழலில் உட்கார்ந்து ஒரு பதிகம் பாடி, ஒரு டம்ளர் பானகம் குடித்துவிட்டு, சாமிக்கு வெயிலும் ஒன்றுதான் நிழலும் ஒன்றுதான், அவர் இதைத் தேட மாட்டார், அதன் கீழே உட்கார்ந்தவன்தான் தேடுவான் என்று சொல்லிப் போனார்.

ஆவுடைக்கும் அதேதான் கவலை. சோறு போட்டு உட்காரும்போதெல்லாம் சொல்லுவாள்.

"அந்த மனுசன் வெயில்லல்லா சாப்பிடுதாரு, அத்தான்."

"வார வருசம் கழகத்துல மறுபடி போறோம்லா, அப்பம் பாத்துக்கிடுவோம்," என்பார் அம்பலவாணன்.

அந்த ஆறு மாசம் அவர் அவளோடு நடந்தார். காலையில் மைதானத்தில் கழகம் மொத்தமும் அவர்களைத் தாண்டிப் போனது, தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து மறுபடி தாண்டினார்கள், அவருக்கு வெட்கமாக இல்லை. அவளுடைய வலது காதில் அவர் பேசினார். அவள் முப்பத்தெட்டு வருஷமாக அவர் முதுகிடம் சொன்னதையெல்லாம் திரும்ப ஒருமுறை சொன்னாள். கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷம் வேறொருவர் நிழலில் நடக்கிறது என்று தெரிந்தேதான் அனுபவித்தார். ஒரு தரம்கூடச் சரி, போய் விட்டுவிட்டு வருவோம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்து நினைத்துப் பார்த்தார், அந்த முகம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

தை பிறந்து நாலாம் நாள், வாசல் தெளித்துக் கோலம் போடப் போன ஆவுடை படியில் உட்கார்ந்தாள். துணி தேய்க்கிறவர் வண்டியோடு வந்தபோது அப்படியே சாய்ந்திருந்தாள். ஊர் கூடிற்று, வந்தவர்கள் எல்லோரும் அவள் நிழலிலேயே நின்று அழுதார்கள். ஆற்றங்கரை வரைக்கும் நிழல் அவள்மேல் விழுந்துகொண்டே போயிற்று. எரியூட்டிய பிறகு அதுவும் போய்விடும் என்றுதான் நினைத்தார்கள். அம்பலவாணன் தாமிரபரணியில் முழுகி எழுந்து நடந்தபோது அது அவர் பின்னால் வந்தது.

அதன்பின் அவர் நிழலின் வலப்பக்கம் ஒதுங்கி நடப்பதைத் தெரு பார்த்தது. பாதி அகலம் எப்போதும் காலியாகவே வரும். அந்தப் பாதியில் யாரும் வந்து நடக்கவில்லை, பள்ளிக்கூடப் பெண்கள்கூட.

வைகாசியில் அவர் தனியாகக் கிரேக்க தேசத்துக்குப் போனார். ஸ்தமாதியா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள், அவர் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், காரை எடுத்தாள். குன்றின் அடியில் வண்டியை நிறுத்தி, நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். பனாயோத்திஸ் தூணின் அடியில், ஒரு கம்பி ஒடிந்த கறுப்புக் குடையைக் கல்லிடுக்கில் சொருகி, அதன் கீழே உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷ வெயிலில் அவர் கழுத்தும் கைகளும் தோல் உரிந்து கறுத்திருந்தன. அம்பலவாணன் அதைப் பார்த்தார், தலை குனிந்தார், தமிழிலேயே மன்னிப்புக் கேட்டார். பனாயோத்திஸ் அவருக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார், தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, அந்த அம்மா எங்கே என்று கையால் கேட்டார். அம்பலவாணன் கையை விரித்தார். கிழவர் குடையை மடக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

கோயிலை அம்பலவாணன் மெதுவாகச் சுற்றி வந்தார், எட்டு எண்ணவில்லை. வடபக்கம் ஆவுடை நின்ற இடத்தில் நின்று, மூன்று தரம் மெல்லக் கை தட்டி, உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார். எதையும் எடுத்துப் போகவில்லை என்பது இந்தத் தடவை முழு உண்மையாக இருந்தது, அது உண்மையாக இருந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. காலடியிலிருந்து நிழல் கழன்று, பாறையில் ஊர்ந்து, தூணடியில் போய்ப் பொருந்திக்கொண்டது. பனாயோத்திஸ் அதில் நகர்ந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை நீட்டினார். அம்பலவாணன் வாங்கித் தின்றார். பிறகு கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

இறக்கத்தில் கால் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் பயந்தபடியேதான், ஓர் எட்டுக்கு இரண்டரை அடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. நாலு எட்டு வைத்திருப்பார். நின்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் செய்யாததைச் செய்தார், திரும்பிப் பார்த்தார். மேலே தூண் இருந்தது, நிழல் இருந்தது, அதில் ஒரு மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதையில் யாரும் வரவில்லை. அம்பலவாணன் ஓரடி நகர்ந்து, வருகிறவளுக்கு வலது காது இருக்கும் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

"மெள்ள வாளா," என்றார், அவளுக்குக் கேட்கிற சத்தத்தில். "நான் நிக்கேன்."